மீட்டர் கண்ணாடியில் படிந்த மூட்டம்: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை வெயில் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் என் காரின் வேகமானி காணாமல் போய்விடும். முள் அங்கே இருக்கிறது என்று தெரியும்; எந்த எண்ணில் நிற்கிறது என்றுதான் தெரியாது. கண்ணாடி முழுக்கப் பால் தடவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று மூன்று ஆண்டுகள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த மூட்டத்தில் பெரும்பகுதி கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக நான் வெளிப்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்ததெல்லாம் புதுக் கீறல்கள் மட்டுமே.

இங்கே சொல்லப்போவது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையைப் பற்றி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரான, முகப்பு விளக்குகள் மேலெழும்பும் அந்தச் சிறிய இருவர் கார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், வட அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். அதே காலத்து மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் திருகுகளின் இடம் மாறுமே தவிர, பிளாஸ்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் முறை மாறாது.

ஆம், நாம் கண்ணாடி என்று சொல்வது பிளாஸ்டிக். அந்தக் காலத்து மீட்டர் மூடிகள் பெரும்பாலும் அக்ரிலிக், சில பாலிகார்பனேட். அக்ரிலிக்கிற்கு ஆல்கஹால் ஆகாது. பாலிகார்பனேட்டுக்கு அமோனியா ஆகாது. உங்களிடம் இருப்பது எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். இரண்டுமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரே, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் இந்த வேலைக்கு மேசைப் பக்கமே வரக்கூடாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எதையும் கழற்றும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இருட்டிய பிறகு ஒரு சிறிய டார்ச்சை எடுத்து, ஒளி கண்ணாடியின்மேல் சாய்வாக விழும்படி பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் வெள்ளிக் கம்பிபோல் மின்னும். படலம் மட்டும் இருந்தால் மூடுபனிபோல் ஒரே சீராகப் பரவித் தெரியும்.

அடுத்ததாக எனக்கு மிகவும் பிடித்த சோதனை. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து, மூட்டம் அதிகமாக உள்ள இடத்தில் வையுங்கள். அந்தச் சொட்டின் அடியில் மட்டும் டயல் பளிச்சென்று தெரிந்தால், கோளாறு வெளிப்பக்கக் கீறலில் இருக்கிறது. கீறலின் பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி அங்கே சிதறுவது பெருமளவு குறைகிறது. பாலிஷ் செய்தால் கிடைக்கப்போகும் தெளிவை அந்தச் சொட்டு முன்கூட்டியே காட்டிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம். சொட்டின் அடியிலும் மூட்டம் அப்படியே இருந்தால், அழுக்கு உள்ளே இருக்கிறது. என் காரில் சொட்டு வைத்த இடத்தில் பாதிதான் தெளிந்தது: இரண்டு நோயும் ஒன்றாக இருந்தன.

உள்ளே படலம் எப்படி வருகிறது என்று பலரும் கேட்பார்கள். டாஷ்போர்டின் வினைல் மென்மையாக இருப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் கார் சூடாகும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, குளிரும்போது கண்ணாடியில் படிகிறது. புதுக் காரின் வாசனை என்று நாம் மூச்சிழுத்து ரசிப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. முப்பது ஆண்டு வெயில் போதாதென்று, டாஷ்போர்டைப் பளபளப்பாக்கும் சிலிகோன் ஸ்ப்ரேயை நாமும் மாதந்தோறும் அடிக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு நோய் இருக்கிறது, அதற்கு மருந்து இல்லை. கண்ணாடியின் உடலுக்குள்ளேயே தலைமுடி போன்ற நுண்ணிய வெடிப்புகள், கோணம் மாற்றிப் பார்த்தால் வானவில் நிறத்தில் மினுங்கும். யாரோ எப்போதோ தவறான திரவத்தால் துடைத்ததன் விளைவு. இது பாலிஷுக்கு மசியாது. பழைய உதிரிபாகக் கடையில் வேறொரு மீட்டர் பெட்டியிலிருந்து மூடியை மட்டும் வாங்கி மாட்டுவதுதான் வழி.

என்னென்ன தேவை

நட்சத்திரத் தலைத் (பிலிப்ஸ்) திருப்புளி ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும். பேட்டரிக்கு 10 மி.மீ. ஸ்பேனர், பிளாஸ்டிக் நெம்புகோல் அல்லது பழைய ஏ.டி.எம். அட்டை, காகித டேப், புதிய மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், கேமரா லென்ஸின் தூசியை ஊதும் ரப்பர் குமிழ், மென்மையான ஓவியத் தூரிகை. பாலிஷுக்கு நான் பயன்படுத்துவது நோவஸ். அதில் மூன்று புட்டிகள் உண்டு: 1 துடைக்கவும், தேய்ப்பதால் ஏறும் நிலைமின்னைக் குறைக்கவும், 2 மெல்லிய கீறலுக்கு, 3 ஆழமான கீறலுக்கு. மெகுயார்ஸ் பிளாஸ்ட்எக்ஸும் இரண்டாம் எண் புட்டியின் வேலையைச் செய்யும்.

பற்பசை போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பற்பசையில் உராயும் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பொடி எவ்வளவு நுண்ணியது என்பது பசைக்குப் பசை மாறும். பல்லுக்குச் சரியாக இருப்பது அக்ரிலிக்கிற்கும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், முப்பது வயது மூடியைப் பணயம் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கழற்றுதல்

நான் இந்த வேலையை முதலில் செய்தது டொராண்டோவில் ஒரு டிசம்பர் மாதம், சூடேற்றாத கராஜில். குளிர்காலத்தில் கார் சும்மாதானே நிற்கிறது என்ற நினைப்பு. மீட்டருக்கு மேலே கவிந்திருக்கும் மேல்மூடியை இழுத்தேன், இரண்டு கிளிப்புகள் பிஸ்கட்போல் முறிந்தன. முப்பது வயதுப் பிளாஸ்டிக் உறைகுளிரில் வளையாது. கோடையில் செய்யுங்கள், முடியாவிட்டால் ஹீட்டரை ஓடவிட்டு, காரின் உட்புறம் நன்றாக வெதுவெதுப்பான பிறகு கை வையுங்கள்.

இந்தக் காரில் பேட்டரி இருப்பது பின்னால், டிக்கிக்குள். எதிர்முனைக் கம்பியை, அதாவது கறுப்பை, கழற்றித் தனியே ஒதுக்கி வையுங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள காரென்றால் அதன்பிறகு பத்து நிமிடமாவது காத்திருங்கள். அதன் மின்சுற்றில் தேங்கிய மின்னூட்டம் இறங்க நேரம் வேண்டும். ஏர்பேக்கின் ஒயர்களையும் பிளக்குகளையும் தொடவே தேவையில்லை, தொடாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் ஓடிய தூரம் காட்டும் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளை காரை விற்கும்போது, மீட்டரைக் கழற்றியது எதற்காக என்று யாராவது கேட்டால் அது பதில் சொல்லும்.

ஸ்டீயரிங் தண்டின் மேல்பகுதியில் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் ஒரு தடித்த துணியைப் போர்த்துங்கள். மீட்டர் பெட்டி வெளியே வரும்போது முதலில் உரசுவது அங்கேதான். தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையின் திருகுகள் அடியிலிருந்து ஏறியிருக்கும். அவற்றைக் கழற்றி உறையை எடுத்துவிட்டால் கைக்கு இடம் கிடைக்கும். பிறகு மீட்டருக்கு மேலே தொப்பிபோல் கவிந்திருக்கும் மேல்மூடி. அதன் முன்பக்கத்தில் இரண்டு திருகுகள். மீதியைக் கிளிப்புகள் பிடித்திருக்கும். ஒரே மூலையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு கையாலும் இருபுறமும் பிடித்து உங்களை நோக்கிச் சீராக இழுங்கள்.

இப்போது மீட்டர் பெட்டி முழுதாகத் தெரியும். சுற்றிலும் உள்ள திருகுகளைக் கழற்றினால் பெட்டி அரை அங்குலம் முன்னே வரும், அங்கே நின்றுவிடும். நிறுத்துவது வேகமானியின் கேபிள். இந்தக் காரில் வேகமானி மின்னணு அல்ல. கியர் பெட்டியிலிருந்து சுழலும் கம்பி ஒன்று நேராக மீட்டரின் முதுகில் வந்து செருகப்பட்டிருக்கிறது. பலம் காட்டி இழுத்தால் உடைவது அந்தச் செருகிதான். பெட்டியின் பின்னால் கைவிட்டு, கேபிள் முனையில் உள்ள நாக்கை விரலால் அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுக்க வேண்டும். என் விரல் அந்த நாக்கைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரமானது. கை நுழையாவிட்டால் பானட்டைத் திறந்து, என்ஜின் பக்கத்திலிருந்து கேபிளைத் தடுப்புச் சுவரின் ரப்பர் வளையம் வழியாகக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். அந்த இரண்டு அங்குலத் தளர்வு வேலையைச் சுலபமாக்கிவிடும்.

பின்னால் உள்ள மின் பிளக்குகளை, ஒயரைப் பிடித்து இழுக்காமல், நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். பெட்டியின் முதுகில் தாமிரக் கோடுகள் ஓடும் மெல்லிய தாள் போன்ற மின்சுற்று ஒட்டியிருக்கும். நகம் பட்டுக் கோடு அறுந்தால் ஏதாவது ஒரு விளக்கு எரியாது. பெட்டியை ஒருபோதும் முகம் கவிழ்த்து வைக்காதீர்கள்.

மூடியைப் பிரித்தல்

வேலை இனி வீட்டுக்குள், நல்ல வெளிச்சத்தில், துண்டு விரித்த மேசையில். மின்விசிறியை நிறுத்துங்கள், பூனை இருந்தால் வெளியேற்றுங்கள். கண்ணாடி மூடியின் விளிம்பைச் சுற்றிச் சிறு நாக்குகள் பின் பெட்டியின் கொக்கிகளில் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றாக அட்டையால் நெம்பி, நெம்பிய இடத்தில் மடித்த காகிதத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டே போங்கள், மறுபடி மாட்டிக்கொள்ளாமல் இருக்க. எல்லாம் விடுபட்டதும் மூடியை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் சரித்தால் முட்களில் இடிக்கும்.

மூடியை எடுத்த அந்த நொடியில் டயல்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு: டயலையும் ஒரு துடைப்புத் துடைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டயலின் எண்கள் மெல்லிய மையில் அச்சிட்டவை, மேற்பரப்பு பளபளப்பில்லாத மென்மையான பூச்சு. ஈரத் துணி பட்டால் பளபளவென்று ஒரு தடம் விழும், அது போகவே போகாது. ரப்பர் குமிழால் ஊதுங்கள். ஒட்டிய தூசி இருந்தால் உலர்ந்த தூரிகையின் நுனியால், முள்ளைத் தொடாமல் தள்ளுங்கள். முட்களின் அச்சு மிக நுட்பமானது. விரலால் சுழற்றிப் பார்த்தால் அதன் அளவு தவறிப்போகலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிறகு மூடியில்லாத பெட்டியைச் சுத்தமான துணியால் மூடி ஓரமாக வைத்துவிடுங்கள்.

கழுவுதல்

மூடியில் துணி படும் முன் தண்ணீர் பட வேண்டும். உலர்ந்த தூசியின்மேல் எவ்வளவு மென்மையான துணி போனாலும் அது உப்புத்தாள்தான். குழாயை மெல்லத் திறந்து வெதுவெதுப்பான தண்ணீரை இருபுறமும் ஓடவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, உள்ளங்கையாலேயே தேய்த்துக் கழுவுங்கள். கையைவிட நல்ல கருவி இல்லை: ஒரு மணல் துகள் இருந்தாலும் விரல் உணர்ந்துவிடும்.

உள்பக்கப் படலம் முதல் கழுவலில் முழுதும் போகாது. தண்ணீர் அங்கே முத்து முத்தாகத் திரளும். எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஒரே தகடாக வழியும்வரை திரும்பக் கழுவுங்கள். என்னுடையதற்கு நான்கு முறை தேவைப்பட்டது. நான்காவது முறை மூடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது எதிர்வீட்டுக் கூரையின் ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியாக டிஸ்டில்டு வாட்டரால் அலசி, மைக்ரோஃபைபரால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீரைக் காயவிட்டால் உப்புப் புள்ளி விழும்.

இங்கே நிறுத்தி மறுபடி டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். தெளிவாகத் தெரிகிறது என்றால் பாலிஷ் புட்டியைத் திறக்காதீர்கள்.

பாலிஷ்

மெல்லிய கீறல்களுக்கு நோவஸ் 2. ஐந்து ரூபாய் நாணய அளவு எடுத்து, துணியை இரண்டு விரலில் சுற்றி, உள்ளங்கையளவு பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் இடம் வலமாக, பிறகு மேல் கீழாகத் தேயுங்கள். அழுத்தம் கண் இமையைத் துடைக்கும் அளவு போதும். வேலையைச் செய்வது பாலிஷ், உங்கள் தோள் அல்ல. பசை ஏறக்குறைய உலர்ந்ததும் புதுத் துணியின் சுத்தமான பக்கத்தால் துடைத்துப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றுகள் தேவைப்படலாம். டிரில்லில் பொருத்தும் பாலிஷ் சக்கரம் ஆசை காட்டும். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். வேகமாகச் சுழலும் சக்கரம் ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே மேற்பரப்பு உருகி இழுபட்டுவிடும். கையால் செய்யுங்கள்.

நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும் கீறலுக்கு மட்டுமே உப்புத்தாள். பி1500, பி2000, பி3000 என்ற வரிசையில், எப்போதும் ஈரமாக, தாளுக்குப் பின்னால் ஒரு ஸ்பாஞ்சு வைத்து. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் திசைக்குச் செங்குத்தாக ஓட்டுங்கள். பழைய கோடுகள் முழுதும் மறைந்த பிறகே அடுத்த தாள். மூடி இப்போது பால் கண்ணாடிபோல் ஆகி வயிறு கலங்கும். பரவாயில்லை, நோவஸ் 3, பிறகு நோவஸ் 2 என்று போனால் தெளிவு திரும்பும். கீறிய இடத்தை மட்டும் தேய்க்காமல் சுற்றிலும் விரிவாகத் தேயுங்கள். இல்லாவிட்டால் அங்கே ஒரு பள்ளம் விழுந்து டயலின் எண்கள் நெளிந்து தெரியும். மைக்ரோ-மெஷ் என்ற வகை உப்புத்தாளை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் எண்கள் வேறு அளவுகோலைச் சேர்ந்தவை. மைக்ரோ-மெஷ் 1500 என்பது சாதாரண 1500 தாளைவிட மிகவும் கரடானது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் இல்லாத கீறலை நீங்களே உண்டாக்குவீர்கள்.

முள்ளை இழுக்கும் மின்சாரம்

பாலிஷ் முடித்து மூடியை மாட்டியபோது நான் அதிர்ந்துபோன சம்பவம் இது. பெட்டி மேசைமேல் இருக்கிறது, ஒரு ஒயர்கூட இணைக்கவில்லை. மூடியைக் கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். எரிபொருள் முள் தானாக எழுந்து கால் பங்குக்கு வந்து நின்றது. துணியை வலப்பக்கம் நகர்த்தினேன், முள்ளும் கூடவே வந்தது.

உலர்ந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின் ஏறும். சீப்பு காகிதத் துண்டை இழுப்பதுபோல அது எடையற்ற முள்ளை இழுக்கிறது. இதைக் கவனிக்காமல் காரில் மாட்டினால், டேங்க் காலியாக இருக்கும்போது பாதி நிரம்பியதாகக்கூட மீட்டர் பொய் சொல்லும். உள்பக்கத்துக்கு நோவஸ் 1 போன்ற, நிலைமின்னைக் குறைக்கும் திரவத்தை மெல்லிசாகப் பூசி, சற்றே ஈரமான துணியால் ஒற்றி முடியுங்கள். அதன்பிறகு உலர்ந்த துணி தொடவே வேண்டாம்.

மறுபடி மாட்டுதல்

மூடியை வைக்கும் முன் ரப்பர் குமிழால் இரண்டு பக்கமும் கடைசியாக ஊதுங்கள். பெட்டி கையில் இருக்கும்போதே முதுகில் உள்ள சிறு பல்புகளை மாற்றிவிடுவது நல்லது. ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பினால் வெளியே வரும். இன்றைக்கு எரிகிறதே என்று விட்டால், எல்லாவற்றையும் மறுபடி மூடிய அடுத்த வாரம் அணையும்.

காரில் முதலில் பிளக்குகள், பிறகு கேபிள். கேபிளின் சதுர முனை மீட்டரின் துளைக்குள் பொருந்தினால் ‘டிக்’ என்ற சத்தம் வரும். வராவிட்டால் முனையைச் சற்றே சுழற்றி மறுபடி தள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுகளை முதலில் இடப்புறமாகச் சுற்றி, பழைய புரியில் இறங்கும் மெல்லிய தட்டலை உணர்ந்த பிறகு வலப்புறமாக முறுக்குங்கள். மேல்மூடியைத் திருகும் முன்பே பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். என்ஜினை ஓடவிட்டதும் ஆயில் அழுத்த முள் நடுவில் அசையாமல் நின்றால் பதற வேண்டாம்: 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில் அது அழுத்தத்தை அளப்பதே இல்லை, அழுத்தம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்கிறது. அதற்கு முந்தைய கார்களில் என்ஜின் வேகத்தோடு முள்ளும் ஏறி இறங்க வேண்டும்.

உங்களுடையது எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அல்லது பழைய போர்ஷே 911 என்றால் கதை வேறு. எம்ஜிபியின் ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களிலும் 911இன் விடிஓ நிறுவன மீட்டர்களிலும் இருப்பது நிஜமான கண்ணாடி. கீறல் அநேகமாக இராது, உள்படலம் மட்டும்தான். ஸ்மித்ஸ் மீட்டரின் உலோக வளையத்தை அதன் பற்கள் உடலின் வெட்டுகளுக்கு நேராக வரும்வரை திருப்பினால் கழன்றுவிடும். விடிஓ மீட்டரின் வளையம் மடித்து இறுக்கப்பட்டது. அதைத் திறப்பதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

இனிமேல் பராமரிப்பு என்றால், கைப்பெட்டியில் ஒரு மைக்ரோஃபைபர் துணி, ஈரமாக்கித் துடைக்க மட்டும். டாஷ்போர்டுக்கு ஸ்ப்ரே அடித்தே தீர வேண்டுமென்றால் துணியில் அடித்து டாஷ்போர்டில் தடவுங்கள். வெயிலில் நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மாலை காரை எடுத்தேன். வெயில் முதுகுப் பக்கம் வந்ததும் கீழே பார்த்தேன்: ஒவ்வொரு எண்ணும், முள்ளின் நுனியும் தெளிவாகத் தெரிந்தன. ஆர்பிஎம் மீட்டரில் 5க்கும் 6க்கும் நடுவே, கண்ணாடிக்கு உள்ளே, துணியிலிருந்து உதிர்ந்த ஒரு நீல இழையும் அதே தெளிவோடு தெரிந்தது. அதற்காக அந்தக் கேபிளை மறுபடி கழற்ற எனக்குத் தெம்பில்லை. அடுத்த பல்பு அணையும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.